டெசியஸ் குறித்த கிளி: செந்தலைக் கிளியின் இயல்பும் நூற்சான்றும்

1. தோற்றுவாய்

பழைய நூல்களில் வரும் பறவை, விலங்கு, மரம் ஆகியவற்றிற்கு உரை காணுங்கால் ‘ஒரு பறவை’ என்றும் ‘ஒருவகை மரம்’ என்றும் எழுதி அமைதல் நம்மிடையே நெடுங்காலமாக நிலவும் வழக்கம். நூலாசிரியன் கண்ணாற் கண்டு எழுதிய பொருள் உரைகாண்பான் கையில் வெறும் பெயராக எஞ்சிவிடுகிறது. கிளியைப் பொறுத்தவரை இக்குறை வேறொரு வகையில் நேர்கிறது. கிளியை அறியாதார் இலர். ஆதலின் அதனை விளக்க வேண்டுவதில்லை என்று கருதுகிறோம். பசிய உடலும் சிவந்த மூக்கும் கழுத்தில் ஆரமும் உடைய ஒரு பறவையே நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. எந்நூலில் கிளி என்னும் சொல்லோ அதற்கு நேரான பிறமொழிச் சொல்லோ வரினும் அப்பறவையை வைத்தே பொருள் கொள்கிறோம்.

இவ்வாறு பொருள் கொள்வது எத்துணைப் பிழைக்கு இடந்தரும் என்பதை ஒரு பழஞ்சான்று கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். மேலைநாட்டு நூல்களில் இன்று கிடைப்பனவற்றுள் கிளியைப் பற்றிய மிகப் பழைய வருணனை, கி.மு. 400ஐ ஒட்டி வாழ்ந்த டெசியஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இந்தியாவைக் குறித்து எழுதிய நூலில் உள்ளது. அவர் கூறும் பறவை நாம் ஊர்தோறும் காணும் ஆரக்கிளி அன்று. செந்தலைக் கிளி எனப்படும் சிறிய, பலநிறக் கிளியே அது. இக்கருத்துப் புதியதன்று, கிரேக்க நூல்களை ஆய்ந்தோர் முன்னரே இதனைக் கூறியுள்ளனர். எனினும், பறவையின் இயல்பையும் நூலின் சொற்களையும் அருகருகே வைத்து, எதிர்வரும் தடைகளையும் மறையாது கூறி, அதனால் தமிழ் நூலாராய்ச்சிக்கு விளையும் பயன் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

2. பறவையின் இயல்பு

நூற்சான்றைக் காணுமுன் பறவையைக் காண்டல் முறை. செந்தலைக் கிளி இந்தியத் துணைக்கண்டத்திற்கே உரியது. இமயமலையின் அடிவாரம் தொடங்கித் தெற்கே இலங்கை வரையிலும் மரமடர்ந்த பகுதிகளில் வாழ்கிறது. கிழக்கே அசாமிலும் அதனை அடுத்த மலைநாடுகளிலும் இதற்கு நெருங்கிய உறவான வேறொரு கிளி இதன் இடத்தைக் கொண்டுள்ளது. அதன் முகம் வெளிறிய இளஞ்சிவப்பு, வால்நுனி மஞ்சள். செந்தலைக் கிளியின் வால்நுனியோ வெள்ளை. தமிழ்நாட்டில் மேற்கு மலைத்தொடர், கிழக்கு மலைத்தொடர் ஆகியவற்றின் சாரல்களிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும் இதனைக் காணலாம்.

அலகு முதல் வால்நுனி வரை அளந்தால் இப்பறவை ஏறத்தாழ 36 செ.மீ. நீளமுடையது. அந்நீளத்துள் 22 செ.மீ. வரையில் வாலே ஆகும். ஆதலின் உடல் மிகச் சிறிது. ஆரக்கிளி 40 செ.மீ. அளவும், அதனினும் பெருத்த பெரிய பச்சைக்கிளி 58 செ.மீ. அளவும் உடையன என்பதை ஒப்புநோக்கின் இதன் சிறுமை புலனாகும்.

ஆண்பறவையின் அழகு முழுதும் அதன் தலையில் உள்ளது. நெற்றியும் முகமும் செம்மை நிறம். அச்செம்மை உச்சியின் பின்புறத்திலும் கன்னத்திலும் பிடரியிலும் படிப்படியாக நீலங்கலந்த ஊதாவாக மாறுகிறது. எங்கே செம்மை முடிந்தது, எங்கே நீலம் தொடங்கியது என்று கோடிட்டுக் காட்டல் இயலாது. மோவாயில் கரிய பட்டை ஒன்று உண்டு. அது கழுத்தைச் சுற்றிச் சென்று மெல்லிய கருவளையமாகிறது. அவ்வளையத்திற்குக் கீழே பிடரி நீலப்பச்சை, உடல் பச்சை, தோளில் செந்நிறத் திட்டு, வாலின் நடு இறகுகள் நீலம். மேலலகு சிவப்பன்று; மஞ்சள் கலந்த காவிநிறம். கீழலகு கருமை. இவ்வலகின் நிறம் பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாகலின் ஈண்டே மனத்திற் கொள்ளத்தக்கது.

பெண்பறவை இவ்வளவு நிறமுடையதன்று. அதன் தலை மங்கிய நீலச்சாம்பல். கழுத்தில் கருவளையத்திற்கு மாறாக மஞ்சட்பட்டை. மோவாயில் கருமை இல்லை. தோளில் செந்திட்டும் இல்லை. இளம்பறவையின் தலை ஆண் பெண் இரண்டற்கும் பச்சையாகவே இருக்கும். ஆகவே ஒரு கூட்டத்தில் பச்சைத் தலையும் சாம்பல் தலையும் செந்தலையும் ஒருங்கு காணப்படும். இயல்பறியாதான் அவற்றை மூன்று இனமெனவும் கருதிவிடக்கூடும்.

இவை கூட்டமாக வாழ்வன. விரைந்து பறந்து, மரங்களினூடே ஒருசேரத் திரும்பி வளைந்து செல்வதில் வல்லன. பழம், விதை, தானியம் ஆகியவற்றோடு இலவம், புரசு ஆகிய மரங்களின் தடித்த பூவிதழ்களையும் உண்கின்றன. பூவும் பழமும் உள்ள இடம் நோக்கிப் பருவந்தோறும் இடம்பெயர்கின்றன. காட்டை அடுத்த சோளக் கொல்லைகளிலும் பழத்தோட்டங்களிலும் இறங்குவதுண்டு. இந்தியாவில் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்பிரல் வரையிலான திங்கள்களில் மரப்பொந்துகளில் கூடமைத்து, நான்கு முதல் ஆறு வரை வெண்ணிற முட்டைகள் இடுகின்றன. இதன் குரல் ஆரக்கிளியின் கீச்சொலி போன்று செவியைத் துளைப்பதன்று. வினாவுவான் குரல்போல் முடிவில் உயரும் மெல்லிய குறுங்குரலாகும். காட்டில் இதனைக் கண்ணாற் காணுமுன் இக்குரலால் அறிந்துகொள்வதே பெரும்பான்மை.

3. டெசியஸின் குறிப்பு

டெசியஸ் சின்ன ஆசியாவின் கடற்கரையில் இருந்த நிடஸ் என்னும் கிரேக்க நகரத்தவர். பாரசீகப் பேரரசன் இரண்டாம் அர்ட்டாசெர்க்சஸின் அவையில் மருத்துவராக இருந்தவர். கி.மு. 401இல் நிகழ்ந்த குனாக்சாப் போரில் புண்பட்ட அரசனுக்கு மருத்துவம் செய்தவர் என்பதும் அறியப்பட்ட செய்தி. பாரசீக நாட்டு வரலாற்றையும், அங்கிருந்தபடியே கேட்டும் கண்டும் அறிந்தவற்றைக் கொண்டு இந்தியாவைப் பற்றிய நூலொன்றையும் எழுதினார். அவர் இந்தியாவிற்கு வந்தவரல்லர்.

இந்திய நூலின் மூலம் இன்று இல்லை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைக் குருவாயிருந்த போட்டியஸ், தாம் படித்த நூல்களுக்கெல்லாம் சுருக்கம் எழுதிவைத்தபோது இதற்கும் ஒரு சுருக்கம் எழுதினார். அச்சுருக்கமும், பிற ஆசிரியர் எடுத்தாண்ட பகுதிகளுமே இன்று நமக்குக் கிடைப்பன. மக்கிரிண்டில் 1882இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இந்திய ஆராய்ச்சியாளர் பலரும் பயன்படுத்தியது.

ஒற்றைக் கொம்புக் கழுதையும், மனித முகங்கொண்ட கொடுவிலங்கும், பொன்னூற்றும் இடம்பெறும் நூல் அது. ஆதலின் டெசியஸ் பொய்யுரைப்பவர் என்னும் பழி பண்டைக் காலத்திலேயே அவர்மீது சுமத்தப்பட்டது. ஆயினும் அப்பெருங்கதைகளின் நடுவே கிளியைப் பற்றிய குறிப்பு மட்டும் அளவோடு நிற்கிறது. அதன் பொருளைத் தொகுத்துரைத்தால் வருமாறு: பித்தகோஸ் என்பது ஒரு பறவை; அதற்கு மனித நாவும் குரலும் உண்டு; அளவால் ஒரு சிறு பருந்தை ஒக்கும்; முகம் செவ்வூதா; தாடி கருமை; கழுத்து வரையில் கருநீலம்; சாதிலிங்கம் போன்ற நிறமும் உடையது; இந்திய மொழியை மனிதர்போற் பேசும்; கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும்.

இக்குறிப்பில் வரும் நிறங்களை முன்கூறிய பறவையின் மேல் வைத்து நோக்குதல் வேண்டும். முகத்திற்குக் கூறப்பட்ட கிரேக்கச் சொல் கடற்சிப்பியினின்று எடுத்த விலையுயர்ந்த சாயத்தின் நிறத்தைக் குறிப்பது. அச்சாயம் செம்மைக்கும் ஊதாவிற்கும் இடைப்பட்டது. ஆடைக்கு ஆடை வேறுபடுவது. செம்மையாய்த் தொடங்கி ஊதாவாய் முடியும் ஒரு முகத்திற்கு அதனினும் பொருந்திய சொல் அம்மொழியில் காண்டல் அரிது. ‘தாடி’ என்பது மோவாயிலுள்ள கரும்பட்டையைக் குறிக்கும் என்பது வெளிப்படை. அப்பட்டை ஆரக்கிளியின் ஆணுக்கும் பெரிய பச்சைக்கிளியின் ஆணுக்கும் உண்டு. ஆகவே தாடியை மட்டும் கொண்டு இனத்தைத் துணிதல் இயலாது. ஆனால் இந்தியக் கிளிகளுள் செவ்வூதா முகமும் கருந்தாடியும் ஒருங்கே உடையது செந்தலைக் கிளியின் ஆணே. இவ்விரண்டையும் ஓரளவு ஒத்த கீழ்நாட்டுக் கிளி வாழும் பகுதி பாரசீகர் தொடர்புக்கு மிகவும் அப்பாற்பட்டது. சிந்து நதியை ஒட்டிய காந்தாரமோ முதலாம் தாரயவசு காலம் முதல் பாரசீகப் பேரரசுக்குத் திறை செலுத்தியது. செந்தலைக் கிளி வாழும் இமய அடிவாரத்தின் மேற்குப் பகுதி அதனை அடுத்துள்ளது. அரசவைக்குத் திறைப்பொருளோடு இப்பறவையும் சென்றிருத்தல் இயல்பே.

கூறியவை மட்டுமன்றிக் கூறாது விட்டனவும் சான்றாவன. டெசியஸின் குறிப்பில் சிவந்த மூக்கு இல்லை. கழுத்தில் செவ்வாரமும் இல்லை. ஆரக்கிளியை முதன்முதற் காண்பான் ஒருவன் இவ்விரண்டையும் விடுத்து முகத்தின் நிறத்தைப் பேசுதல் எங்ஙனம்?

4. நிறச்சொற்கள் பற்றிய தடை

இம்முடிபுக்கு மூன்று தடைகள் எழும். முதலாவது, பச்சை என்னும் நிறம் குறிப்பில் இல்லாமை. உடல் முழுதும் பசிய பறவையைக் கருநீலம் என்பாருண்டோ என வினவலாம்.

தமிழ் கற்றார்க்கு இத்தடை பெரிதாகத் தோன்றாது. திருமாலைப் பச்சை மேனியன் என்றும், நீல மேனியன் என்றும், கார்வண்ணன் என்றும் நம் நூல்கள் ஒருங்கே கூறும். அங்கே பச்சையும் நீலமும் கருமையும் தம்முள் முரணாமல் ஒரு நிறத்தின் பல சாயல்களாக நிற்கின்றன. பசுமை என்னும் சொல்லோ தளிருக்கும் ஆகும், பொன்னுக்கும் ஆகும். பசும்பொன் என்பதில் பச்சை நிறம் இல்லை. பசலை என்பதும் இலையின் பச்சை அன்று. நிறச்சொற்கள் எல்லா மொழியிலும் ஒரே எல்லையில் வகுக்கப்பட்டவை அல்ல என்பதற்கு நம் மொழியே போதிய சான்று. டெசியஸ் ஆண்ட சொல்லும் கிரேக்கத்தில் ஆழ்ந்த நீலம் முதல் கருமை வரையில் விரிந்த பொருளுடையது. செந்தலைக் கிளியின் கன்னமும் பின்தலையும் நீலம் படிந்தவை. ‘கழுத்து வரையில்’ என்னும் வரையறை அப்பகுதிக்கு நேரே பொருந்துகிறது.

இரண்டாவது தடை சாதிலிங்கம். கருநீலத்தைச் சொல்லும் தொடரிலேயே செக்கச் சிவந்த சாதிலிங்கம் உவமையாக வருகிறது. நீலம் சிவப்பை ஒக்குமோ? ஈண்டுத் தொடர் சிதைந்துள்ளது என்பது பதிப்பாசிரியர் பலரும் ஐயுற்ற செய்தி. போட்டியஸ் செய்தது சுருக்கம். அச்சுருக்கமும் ஏடு பெயர்த்து எழுதுவோர் கைப்பட்டு வந்தது. செம்மையை உணர்த்திய ஒரு சொல்லோ, உடலின் வேறோர் உறுப்பைச் சுட்டிய சொல்லோ விடுபட்டதாகக் கொள்ளின் தொடர் நேராகும். ஆண்பறவையின் தோளிலுள்ள செந்திட்டும், முகத்தின் செம்மையும் சாதிலிங்கத்திற்கு ஏற்ற பொருள்களே. சுவடிகளில் ஒரு சீர் விடுபட்டமையால் அடியின் பொருளே மாறிய இடங்களைக் கண்டு பழகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், விடுபட்ட சொல் இன்னது என்று துணிந்து நிரப்புதல் பதிப்பு நெறியன்று. செவ்வூதா முகமும் கருந்தாடியும் ஐயமின்றி நிற்கும் வரையில் சாதிலிங்கத்தைச் சான்றாகக் கொள்ளாமலே முடிபு நிலைபெறும்.

5. பேச்சுப் பற்றிய தடை

மூன்றாவது தடை இவற்றினும் வலியது. செந்தலைக் கிளி பேச்சில் வல்லதன்று. வளர்ப்போர் சிலர் அதனிடம் சில சொற்களைக் கேட்டுள்ளனர். சீழ்க்கையைப் பின்பற்றுதலும் உண்டு. எனினும் பேசுந்திறத்தில் ஆரக்கிளியும் பெரிய பச்சைக்கிளியுமே சிறந்தன என்பது இந்நாட்டில் யாவரும் அறிந்தது. இரு மொழி பேசும் பறவை செந்தலைக் கிளியாமோ?

இங்கே நூலாசிரியர் கண்டதையும் கேட்டதையும் வேறுபிரித்து உணர்தல் வேண்டும். நிறம் கண்ணாற் கண்டு கூறத்தக்கது. பேச்சுத்திறம், அதுவும் இந்திய மொழியில் பேசுதல், பறவையைக் கொணர்ந்தோர் சொல்லக் கேட்டு எழுதத்தக்கது. கிளி பேசும் என்பது இனம் முழுமைக்கும் பொதுவாக வழங்கிய புகழ். டெசியஸ் அப்பொதுப்புகழைத் தாம் அறிந்த ஒரு பறவையின் மேல் ஏற்றியுரைத்தார் எனக் கொள்வதே பொருந்தும். கிரேக்கம் கற்றால் கிரேக்கமும் பேசும் என்பது நிகழ்ந்ததைக் கூறுவதன்று, நிகழக்கூடியதைக் கூறுவது. இவ்வேறுபாடு அத்தொடரின் அமைப்பிலேயே உள்ளது.

மனித நாவு என்பதும் வெறுங்கற்பனை அன்று. ஏனைப் பறவைகள் பலவற்றின் நாவு மெலிந்து கூரியது. கிளியின் நாவோ தடித்துச் சதைப்பற்று உடையது. விதையை அலகினுள் புரட்டி உமி நீக்குவதற்கு அமைந்த உறுப்பு அது. பறவைகளின் குரல் மூச்சுக்குழலின் அடியிலுள்ள உறுப்பிற் பிறக்கிறது; கிளி அக்குரலைத் தன் தடித்த நாவின் அசைவால் வேறுபடுத்துகிறது. ஆதலின் மருத்துவராகிய டெசியஸ் நாவினைக் குறித்தது உடற்கூற்றை நோக்கிய பார்வையே எனலாம்.

6. தாடியும் ஆரமும்

டெசியஸுக்குப் பின் கிளியின் வரலாறு வேறு வழியிற் செல்கிறது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் விலங்கு நூல் இந்தியப் பறவையாகிய கிளியை மனித நாவுடையது எனக் குறித்து, கள் அருந்தினால் அதன் குறும்பு மிகும் என்கிறது. நிறத்தைப் பற்றி அங்கு ஒன்றும் இல்லை. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் கி.மு. 326–325இல் சிந்து நதி வழியே சென்றவன்; பேசும் கிளியைப் பெருவியப்பாக எழுதினான். அவன் நூலை எடுத்தாண்ட அர்ரியன் கி.பி. 2ஆம் நூற்றாண்டினர். தாமே பல கிளிகளைக் கண்டிருப்பதாலும் பிறரும் அறிந்திருப்பதாலும் அதனை வியப்பாகக் கூறப்போவதில்லை என்று அவர் எழுதுகிறார். இடைப்பட்ட நானூற்றைம்பது ஆண்டுகளில் வியப்புக்குரிய பறவை வீட்டுப் பறவையாயிற்று.

அங்ஙனம் வீட்டுப் பறவையானது எக்கிளி? ஓவிட் தம் காதலியின் இறந்த கிளிக்கு இரங்கிப் பாடிய பாட்டில் அதன் இறகு மரகதத்தையும் மங்கச் செய்யும் பச்சை எனவும், மூக்குச் சிவப்பு எனவும் குறிக்கிறார். கி.பி. 79இல் மறைந்த பிளினி, இந்தியா அனுப்பும் இப்பறவை உடல் முழுதும் பச்சை, கழுத்தில் மட்டும் செவ்வாரம் என்கிறார். அது அரசர்களை வாழ்த்தும் எனவும், தலை வன்மையுடையதாகலின் பேசப் பழக்குங்கால் இரும்புக்கோலால் அடிப்பர் எனவும் எழுதுகிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அபுலியஸும் கழுத்தின் செவ்வாரத்தையே சிறப்பாகக் கூறுகிறார். இவையெல்லாம் ஆரக்கிளிக்கோ பெரிய பச்சைக்கிளிக்கோ உரிய அடையாளங்கள். செவ்வூதா முகமும் நீலப்பிடரியும் இவற்றில் இல்லை. பேச்சில் வல்ல கிளியே பெருவணிகத்திற்கு ஏற்றது; ஆதலின் தாடியால் அறியப்பட்ட கிளியின் இடத்தை ஆரத்தால் அறியப்பட்ட கிளி கொண்டது.

டெசியஸையும் பிளினியையும் ஒரு பறவையைப் பற்றிய இரு சான்றுகளாகச் சேர்த்து வைத்தால் ஒருவர் பிழைபட்டவராகத் தோன்றுவார். பொய்யர் என்னும் பழியுடைய டெசியஸே அவ்வாறு தோன்றுவது இயல்பு. தனித்தனியே வைத்து நோக்கினால் இருவரும் தாம் தாம் அறிந்த பறவையைச் செவ்வனே கூறியவராவர். பிற்காலத்தவராகிய ஈலியன் இந்தியாவில் கிளி மூவகைப்படும் எனத் தாம் கேள்வியுற்றதாக எழுதுகிறார். கிளிகள் காட்டில் பறவைக்குரலே எழுப்பும், கற்பித்தாலன்றிப் பேசா என்றும் அவர் கூறுகிறார். வகை பல என்னும் உணர்வு பண்டையோர்க்கும் இருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பித்தகோஸ் என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். பிளினியும் இந்நாட்டார் வழங்கும் பெயராக இதனை ஒத்த சொல்லொன்றைத் தருகிறார். கிளியினம் முழுமைக்கும் இன்று வழங்கும் அறிவியற்பெயர் இதன் வழிவந்ததே. ஒலியின் ஒப்புமை கண்டு, தத்தை என்னும் நம் சொல்லே கிரேக்கம் சென்றது என உரைக்க விழைவாரும் உளராகலாம். தோகை என்னும் சொல் எபிரேய நூலில் உண்டென்னும் கருத்து இவ்விழைவிற்கு ஊக்கம் தரும். ஆனால் டெசியஸின் செய்தி வந்த வழி பாரசீகம். பறவை வந்த வழி வடமேற்கு எல்லை. பிளினியும் இந்தியா என்று பொதுப்படக் கூறினாரேயன்றி எத்துறைமுகத்தையும் கிளியோடு இணைத்துக் கூறவில்லை. ஈரெழுத்து ஒலியொப்புமையை மட்டும் கொண்டு முசிறியிற் கிளிக்கப்பல் ஏற்றுதல் ஆராய்ச்சி ஆகாது.

7. தமிழ்நூற் கிளி

இனி, இவ்வாராய்ச்சி தமிழ் நூல்களுக்கு எங்ஙனம் பயன்படும் என்பது கருதத்தக்கது. சிவந்த வாயையுடைய கிளியைத் தத்தை என வழங்கும் மரபினைத் தொல்காப்பிய மரபியல் குறிக்கிறது. சங்கப் பாடல்களில் கிளிக்கு அடிக்கடி வரும் அடைகள் செவ்வாய், வளைவாய், பசுமை, செந்தார் என்பன. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் கிள்ளைப்பத்து என்றே ஒரு பத்து உள்ளது. தினைப்புனத்தில் கிளியோட்டத் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகள் இருந்தமையைக் குறிஞ்சிப்பாட்டு உணர்த்துகிறது. தலைவி முன்கையில் ஏந்திப் பேசும் செந்தார்க் கிளியை அகநானூறு காட்டுகிறது.

செவ்வாயும் செந்தாரும் சேர்ந்த கிளி செந்தலைக் கிளி ஆகாது. அதன் அலகு மஞ்சள், அதன் வளையம் கருமை. ஆகவே முன்கையில் இருந்து பேசிய கிளி ஆரக்கிளியே எனத் துணியலாம். டெசியஸின் குறிப்பைக் கொண்டு தமிழ்நூற் கிளியை விளக்குவதும், தமிழ்நூற் கிளியைக் கொண்டு டெசியஸை விளக்குவதும் ஒருங்கே பிழையாகும்.

ஆனால் தினைப்புனத்தில் இறங்கிய கிளிக்கூட்டம் அத்துணை எளிதாக முடிவு செய்யத்தக்கதன்று. குறிஞ்சி நிலத்துச் சாரல்களில் ஆரக்கிளியோடு செந்தலைக் கிளியும் உண்டு. மேற்கு மலைத்தொடருக்கே உரிய நீலச்சிறகுக் கிளியும் உண்டு. நீலச்சிறகுக் கிளியின் ஆணுக்கு அலகு சிவப்பு, பெண்ணுக்குக் கருமை. ஆதலின் அடை வந்த இடத்தில் அடையை நோக்கியும், அடையின்றிக் கிளி எனவே வந்த இடத்தில் நிலமும் உணவும் பருவமும் நோக்கியும் பொருள் காணுதல் வேண்டும். சங்கப் புலவர் பறவையைக் கூர்ந்து நோக்கியவர் என்பதற்குக் குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் கூறும் உவமை ஒன்றே அமையும். கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கும் காட்சி, புதுநூலில் பொற்காசு கோக்கும் பொற்கொல்லனின் நகத்திற்கு அங்கே ஒப்பாகிறது. இத்துணை நுண்ணிய கண்ணுடையார் இட்ட அடைமொழிகளை வெற்று அழகுச் சொற்களாக ஒதுக்குதல் முறையன்று.

8. முடிப்பு

லின்னேயஸ் 1766இல் இப்பறவைக்குப் பெயரிட்டபோது நீலத்தலை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அமைத்தார். டெசியஸ் ஆண்ட நீலச்சொல்லே இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அப்பெயரில் மீண்டும் வந்தது. இஃது ஒருவர் மற்றவரைப் பின்பற்றியதால் நேர்ந்ததன்று. ஒரே பறவையை இருவர் நோக்கியதால் நேர்ந்த ஒப்புமை. நாம் செந்தலை என்கிறோம். அவர் நீலத்தலை என்றார். தலையில் இரண்டும் உள்ளன.

பெயரை வேறுபிரித்து அறிவதனால் நூற்பொருள் விளங்குவதோடு வேறொரு பயனும் உண்டு. ஆரக்கிளி ஊரோடு ஒட்டி வாழக் கற்றது. கூண்டினின்று தப்பி இலண்டன் முதலிய அயல்நாட்டு நகரங்களிலும் பல்கியுள்ளது. செந்தலைக் கிளி அத்தன்மையதன்று. காட்டையும் காட்டின் ஓரத்தையும் சார்ந்தது. பொந்துடைய முதுமரங்கள் வீழ்ந்தால் அதற்குக் கூடில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், 1990–91இல் இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் முழுதும் தடைசெய்யப்பட்டது. ஆயினும் பொந்துகளில் குஞ்சுகளைக் கவர்தல் ஒழியவில்லை. இவ்வினம் இன்று அழியும் நிலையில் இல்லை. ஆனால் தொகை குறைந்து வருகிறது என்பது பறவை ஆய்வாளர் கருத்து. ஒரு சாரலில் செந்தலைக் கிளி இல்லாது போயினும், ஊரில் ஆரக்கிளி உள்ளவரையில் ‘கிளி இருக்கிறது’ என்றே மக்கள் கூறுவர். ஒரு பொதுப்பெயர் ஓர் இழப்பை மறைத்துவிடும்.

ஆதலின் அகராதி தொகுப்போரும் உரை வரைவோரும் கிளி, கிள்ளை, தத்தை என்பவற்றை ஒன்றற்கொன்று பொருளாக எழுதி அமையாது, அடைமொழியும் நிலமும் இடந்தரும் இடங்களில் இனத்தையும் குறித்தல் நலம். நூலில் உள்ள பறவைகளைச் சாரலில் உள்ள பறவைகளோடு ஒப்பிட்டு ஓர் அடைவு செய்ய இளம் ஆராய்ச்சியாளர் முன்வருவாராயின், கபிலர் கண்ட புனத்தில் இறங்கிய கிளிகளை நாமும் இனம்பிரித்துக் காணும் நாள் தொலைவில் இல்லை.